முழங்கால் உயரம், ஆள் உயரம்

நான் விழுந்து கிடந்த இடத்துக்கும் தெருவுக்கும் நடுவில் எட்டடி கூட இருக்காது. அந்த எட்டடிக்குள் ஒரு கம்பிவேலியும் ஏழு நெட்டிலிங்க மரங்களும் நின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை, ஐப்பசி மழை சற்று விட்டிருந்த நேரம். தெருவில் போகிறவர்கள் பேசுவது ஒவ்வொரு வார்த்தையாக என் காதில் விழுந்தது. நான் கிடப்பது அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கிடந்தேன். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால், மரங்களைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

செஞ்சியில் கோட்டைக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. மேற்குப் பார்த்த வாசல். கட்டி முடித்துக் குடிவந்தது ஒரு சித்திரையில். மதியம் இரண்டு மணிக்கு மேல் முன்னறையில் உட்கார முடியாது. நேர் வெயில் ஒரு பக்கம், சுற்றிலும் உள்ள மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிற சூடு ஒரு பக்கம். காம்பவுண்டு சுவரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கருங்கல் தூண்கள் ஊன்றிக் கம்பி மட்டும் இழுத்திருந்தோம். என் கணவர் நர்சரியிலிருந்து ஏழு நெட்டிலிங்கக் கன்றுகளை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து வேலிக்கு உட்புறம் வரிசையாக நட்டார்.

"வளந்துட்டா இதுவே சுவரு. தனியா சுவரு எதுக்கு?" என்றார்.

நெட்டிலிங்கம் வருடம் முழுக்க இலை மாறாமல் பச்சையாக நிற்கும். அதன் கிளைகள் மேலே போவதில்லை. பிறந்த இடத்திலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். நெஞ்சு உயரத்தில் முளைத்த கிளையின் நுனி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது கீழ்க்கிளைகளைக் கழித்துவிட வேண்டும். அவர் ஒவ்வொரு தை மாதமும் ஒரு லீவு நாளில் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்வார். "வேட்டிய மடிச்சிக் கட்டி வுட்டாச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார்.

அவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தார். நாற்பத்து நான்கு வயதில், ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். எங்கள் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கருணை அடிப்படையில் எனக்கு அந்த ஆபீசிலேயே இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. பல பேருக்கு வருடக்கணக்கில் இழுக்கிற உத்தரவு எனக்குப் பதினோராவது மாதம் வந்துவிட்டது.

முதல் நாள் நீலப் பருத்திப் புடவை கட்டி, புதிதாக வாங்கிய ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னது: "வருஷம் திரும்பல, அதுக்குள்ள ஹேண்ட்பேக் மாட்டினு கெளம்பிட்டா பாரு."

எதிர்வீட்டு அக்காவின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீடு கட்டியபோது எங்கள் கொத்தனார்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர். நான் ஒரு நொடி நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை.

அந்தத் தை மாதம் யாரும் கிளை கழிக்கவில்லை. அடுத்த தையிலும் இல்லை. மூன்றாம் வருடம் ஏழு மரங்களின் கிளைகளும் தரைக்கு வந்து, ஒன்றோடொன்று கலந்து, வேலி இருக்கிற இடமே தெரியாமல் போனது. கழிக்க ஆள் கிடைக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். நான் ஆள் தேடவே இல்லை.

எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீசில் எட்டு மணி நேரம் பத்துப் பேர் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அவர் உட்கார்ந்த அதே அறை. மனு கொடுக்க வருகிறவர்களில் சிலர், "அவரு சம்சாரமா?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரி தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வந்து கேட்டைத் தாழ்போட்டதும் அந்தப் பார்வைகளெல்லாம் வெளியே நின்றுவிடும். நைட்டியோடு வாசற்படியில் உட்கார்ந்து தலை வாரலாம், போனில் சத்தமாகச் சிரிக்கலாம், அழலாம்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் விழுப்புரத்தில் காலேஜில் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு வருவாள். தெருவிளக்கின் வெளிச்சம் எங்கள் வாசலில் விழாது. ஒருமுறை மரத்தடியில் பாம்புச் சட்டை கிடந்தது. ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. பார்சல் கொண்டுவருகிறவர்கள் அந்த நம்பரில் வீடே இல்லை என்று திரும்பிப் போய்விடுவார்கள். முன்னறையில் பகலிலும் டியூப் லைட் எரிந்தது.

"நம்ம ஊடு மேப்புல இருக்குது, தெருவுலதான் இல்ல" என்றாள் ஒரு நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தோழியின் கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போயிருந்தாள். எங்கள் தெருக்குழாய் இணைப்பு மரங்களுக்கு ஓரமாக இருக்கிறது. தண்ணீர் வந்து தொட்டி நிறைந்ததும் அதை மூட வேண்டும். மூடிவிட்டுத் திரும்பும்போது, ஊறிக் கிடந்த இலையிலும் வௌவால் தின்று போட்ட பழத்திலும் கால் வழுக்கியது. உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். வலது கணுக்கால் உடம்புக்கு அடியில் மடங்கியது. ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் முடியாது என்று தெரிந்தது.

போன் வீட்டுக்குள். கேட் உள்பக்கம் தாழ்ப்பாள். நைட்டி தொடை வரைக்கும் ஏறி, சேறாகி, முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அதைக் கீழே இழுக்க இடுப்பைத் தூக்க வேண்டும். தூக்கினால் கால் உயிர் போகிற மாதிரி வலித்தது.

வெளியே பூக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. எதிர்வீட்டு அக்கா அவரிடம் சாமந்தி ஏன் இப்படி வாடியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டால் முதலில் வரப் போவது அவர்தான். அதனால் கூப்பிடவில்லை. பூக்காரர் போனார். இரண்டு பெண்கள் ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்களா என்று பேசிக்கொண்டே போனார்கள். அவர்களையும் கூப்பிடவில்லை. யாராவது நன்றாகத் தெரிந்தவர்கள், இந்தக் கோலத்தில் பார்த்தாலும் பரவாயில்லை என்கிறவர்கள் வரட்டும் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர்கள் யார் என்று மனதுக்குள் பெயர்களை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தெருவில் ஒருத்தரும் இல்லை. ஐந்து வருடத்தில் ஒருத்தரையும் நான் சம்பாதித்து வைத்திருக்கவில்லை. வலியைவிட அந்த எண்ணம்தான் என்னைக் கொஞ்சம் பயப்படுத்தியது.

மறுபடி மழை பிடித்தது. உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"யாராவது இருக்கீங்களா?"

ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம் பேனா கேட்கிற குரலில்தான் வந்தது. இன்னொரு முறை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"யாரு? எங்கர்ந்து கூப்புட்றது?" எதிர்வீட்டு அக்காவின் குரல்.

"இங்க. மரத்தாண்ட. கால் ஒடஞ்சிடுச்சி. கேட்டு தாப்பா போட்டுருக்குது."

வேலிக்கம்பி கிறீச்சிடும் சத்தம். இலைகள் அசைந்தன. நான்காவது மரத்தின் கீழ்க்கிளைகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, கம்பிக்கு அடியில் தவழ்ந்து அவர் உள்ளே வந்தார். தலையெல்லாம் இலை. என்னைப் பார்த்ததும் முதலில் என் நைட்டியைக் கீழே இழுத்துவிட்டார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் நெஞ்சின் மேல் போர்த்தினார். பிறகுதான் போய்க் கேட்டைத் திறந்து, தன் வீட்டுக்காரரையும் ஆட்டோவையும் கூப்பிட்டார்.

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் கல்யாணப் புடவையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலை பனமலையிலிருந்து அண்ணன் வந்தார். விவசாயம் பார்க்கிறவர், எதையும் தள்ளிப் போடத் தெரியாதவர்.

"மொதல்ல அந்த மரத்தையெல்லாம் எடுக்கணும். ஆள் கிடந்தா தெரியல, நாளைக்குத் திருடன் பூந்தாலும் தெரியாது" என்றார். மகளும் ஆமாம் என்றாள். எனக்கு வேண்டாம் என்று இருந்தது. ஆனால் காரணம் கேட்டால் என்ன சொல்வது?

சொல்ல முடியாத காரணம் ஒன்று இருந்தது. பஜாரில் யாரும் தெரிந்தவர்கள் இல்லாதபோது ஒரு முழம் மல்லி வாங்கி பைக்குள் போட்டுக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து தலையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருவேன். மகள் பார்த்திருக்கிறாள், ஒன்றும் சொன்னதில்லை. வெளியே போகும்போது எடுத்துவிடுவேன். மரம் போனால் அது போய்விடும். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? "வெயில் வருமே" என்று மட்டும் சொன்னேன். "வந்தா ஷீட்டு போட்டுக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

அடுத்த வாரமே தளவானூர் பக்கத்திலிருந்து மரம் வெட்டுகிற ஒரு கணவன் மனைவியை ஏற்பாடு செய்து கூட்டிவந்தார். கணவர் மரத்தில் ஏறுகிறவர். மனைவி கீழே நின்று கயிறு பிடிக்கிறவர். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார். நான் வாசலில் நாற்காலி போட்டு, காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, மரங்களை ஒரு முறை முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். வேலித்தூண் ஒன்றின் அடியில் மண்ணைக் காலால் ஒதுக்கினார்.

"வேரெல்லாம் தூணச் சுத்திக்கினு இருக்குது. மரத்த எடுத்து வேர நோண்டினா வேலி சாஞ்சிடும்" என்று அண்ணனிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாம்மா தொந்தரவு இந்த மரத்தால?" என்று கேட்டார்.

"கீழ வழுக்கிடுச்சி. பாம்பு வருது. வெளிச்சம் இல்ல" என்றேன்.

"எல்லாம் கீழ தொங்கறதால வர்ற தொந்தரவுதான? அத கழிச்சி வுட்டா போவுது. மேல இருக்கறது நெழலு. ஏழையும் சாய்ச்சிட்டு சித்திரைல ஊட்டுக்குள்ள எப்பிடி இருப்ப?"

"வந்தது வந்துட்டீங்க, முழுசா எடுத்துட்டுப் போங்க" என்றார் அண்ணன்.

"எடுக்கச் சொன்னா எடுக்கறோம். திரும்ப நிக்க வெக்கத்தான் முடியாது" என்றார் அந்த அம்மா.

நான் உடனே, "கீழ மட்டும் கழிங்க போதும்" என்றேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரிடம் அப்படி முந்திக்கொண்டு பேசி வெகுநாள் ஆகியிருந்தது. தோளைக் குலுக்கிவிட்டு மகள் கொண்டுவந்த டீயை வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மா முதல் மரத்தின் பக்கத்தில் போய் நின்றார். "எதுவரைக்கும்?" என்று கேட்டுவிட்டு, தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். பிறகு இடுப்பு, தோள், தலை. "எங்க சொல்றியோ அங்க."

"தலைக்கு மேல" என்றாள் மகள்.

"முழங்காலு" என்றேன் நான்.

மகள் சிரித்துவிட்டாள். "முழங்கால் வரைக்கும் எடுத்தா கோழிதான்மா பூந்து போவும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தைச் சற்றுப் பார்த்தார். "சரி, முழங்காலு. ஒரே தபா நெறைய எடுத்தா மரத்துக்கும் ஆவாது. வேணும்னா தை கழிச்சி வந்து இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்" என்று சொல்லிக் கணவரைக் கூப்பிட்டார்.

அவர்கள் வேலை செய்வதைக் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுத்தார்கள். அப்படிச் செய்தால் கிளை ஒடிந்து விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகாது. தண்டோடு ஒட்டவும் அறுக்கவில்லை, நீட்டிக்கொண்டும் விடவில்லை. தண்டில் வீங்கினாற்போல ஒரு வளையம் இருக்கிறது, அதை விட்டு வெளியே அறுத்தார்கள். மதியத்துக்குள் ஏழு மரமும் முடிந்தது. இலையும் கிளையும் ஒரு டிராக்டர் பாரம் போனது. ஆடு தின்னுமா என்று அண்ணன் கேட்டார். தின்னாது என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு நீளமான இடைவெளி. அதில் தெரு தெரிந்தது. முகங்கள் தெரியாது, கால்கள்தான். வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிற கால்கள். இடது காலைச் சற்று இழுத்து நடக்கிற பால்காரர். பூக்காரரின் சைக்கிள் சக்கரம். கோட்டைக்கு வழி தெரியாமல் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போகிற, விலை கூடின ஷூக்கள். என்னை யாரும் பார்க்க முடியாது, நான் பார்க்கலாம். முதல் இரண்டு நாள் அது எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே விழிப்பு வந்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தேன். வேலிக்கு வெளியே துடைப்பம் தேய்க்கிற சத்தம் கேட்டது. வெள்ளி மெட்டி போட்ட, குதிகால் வெடித்த இரண்டு கால்கள் எங்கள் வாசலை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தன. முதல் மரத்திலிருந்து ஏழாவது மரம் வரைக்கும் தெருவில் விழுந்த இலையைக் கூட்டித் தள்ளி, ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு எதிர்வீட்டுப் பக்கம் போயின. பேரூராட்சி ஆட்கள் கூட்டுகிறார்கள் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். எங்கள் தெருவுக்கு அவர்கள் வாரத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். அதுவும் ஆபீஸ் போகிற அவசரத்தில் நான் எதையும் கவனித்ததில்லை.

மறுநாளும் அதே கால்கள். அதற்கு மறுநாளும்.

விழுந்த அன்று காப்பாற்றியதற்கு எதிர்வீட்டு அக்காவிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் கிடந்த கோலத்தை அவர் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார் என்ற நினைப்பு என்னைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் தெருவில் மகளிடம் விசாரித்தவர்கள் பேசியதை வைத்துப் பார்த்தால், தண்ணீர் மூடப் போய் வழுக்கிவிட்டது என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் கூப்பிட்டேன். "அக்கா."

துடைப்பம் நின்றது. கால்கள் திரும்பின. பிறகு அவர் குனிந்தார். கிளைகளுக்கு அடியில் அவர் முகம் பக்கவாட்டில் வந்தது.

"இன்னா, கால் வலிக்குதா? பாப்பா எழுந்திருக்கலியா?"

"வலி இல்ல. எத்தினி நாளா கூட்றீங்க இங்க?"

"எலை வுழறதுலர்ந்து."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா? நீ கூட்டறதுக்கா நேரம் வெச்சிக்கினு இருக்கற. காத்தடிச்சா எல்லாம் என் வாசலுக்குத்தான் வருது, அதான் கூட்டறேன்" என்றார்.

உள்ளே வரச் சொன்னேன். துடைப்பத்தை வெளியே சாத்திவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். மகள் காபி போட்டுக் கொடுத்தாள். அன்றைக்குச் செய்ததற்கு நன்றி சொன்னேன். அவர் கையை அசைத்துவிட்டார். பிறகு, ஐந்து வருடமாக வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நான் மொத நாளு ஆபீசு போனப்ப, ஹேண்ட்பேக் மாட்டினு கெளம்பிட்டான்னு சொன்னது நீங்கதான?"

இல்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான்தான். சொல்லி வாய மூடல, நீ நின்ன. காதுல வுழுந்துடுச்சின்னு தெரிஞ்சிபோச்சி. சாயங்காலம் வந்து பேசலாம்னு பாத்தேன். நீ தலையக் குனிஞ்சிக்கினு உள்ள போய்ட்ட. நாளைக்கு, நாளைக்குன்னு இருந்தேன். அப்புறம் மரம் மறச்சிடுச்சி."

அவரே தொடர்ந்தார்.

"என் ஊட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காரு. ஆனா இத்தினி வயசுக்கு ஒரு நாளு நான் தனியா பஸ் ஏறி விழுப்புரம் போனதில்ல. நீ அவ்ளோ பெரிய துக்கத்துலயும் புடவ மடிப்பு கலையாம போன. வயித்தெரிச்சல்தான். வேற இன்னா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நானும் நம்பாமல் இருந்திருப்பேன், இருவரும் அப்படியே இருந்திருக்கலாம். ஒரு வார்த்தைக்காக ஐந்து வருடம் என்று அவர்மேல் வந்த கோபம், அவர் எழுந்து போன பிறகு பாதி என் பக்கம் திரும்பியது. அவராவது வாசலுக்கு வந்து கூட்டினார். நான் எதிர்ப்பக்கம் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை அவர் கூட்ட வந்தபோது நான் நாற்காலியில் இல்லை. அதற்கு அடுத்த நாள் இருந்தேன். அதிலிருந்து தினமும் கூட்டி முடித்துவிட்டு வந்து படியில் ஐந்து நிமிடம் உட்காருவார். சர்க்கரை மாத்திரை, பஸ் நேரம், என் மகளின் பரீட்சை, அவர் மருமகளின் பிரசவம் என்று பேசுவோம். மன்னிப்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

தை கழிந்து மாசியில், நான் நொண்டாமல் ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகு, மகளிடம் நானே சொன்னேன்: "அந்தத் தளவானூர்க்காரங்களுக்குப் போன் போடு. இன்னும் ஏத்திடலாம்." அவள் எவ்வளவு என்று கேட்கவில்லை. மரத்தடியில் போய் நின்று கையை மேலே தூக்கினாள். அவள் விரல் நுனி எட்டுகிற உயரம். நான் சரி என்றேன்.

இந்த முறையும் அண்ணன் வந்திருந்தார். ஆறு மரத்தை அந்தக் கணவனும் மனைவியும் ஒழுங்காக முடித்தார்கள். மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், "இதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் ஏழாவது மரத்தை அரிவாளால் மேலிருந்து வெட்ட ஆரம்பித்தார். மூன்றாவது கிளை பாதி வெட்டிலேயே ஒடிந்து, தண்டின் பட்டையை இரண்டு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. அந்த அம்மா சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்.

"யோவ், தோல உரிச்சிட்டியே" என்றார். அண்ணன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டைப் பார்க்க எனக்கே வேறு யாருடைய வீடோ போல இருந்தது. ஏழு தண்டுகள் வெறுமையாக நின்றன. முன்னறை டியூப் லைட் இல்லாமலே வெளிச்சமாக இருந்தது. தெருவில் போகிற ஒவ்வொருத்தரும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அன்று வாசற்படியில் உட்காரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், புடவையோடு, கையில் ஒரு முறத்தில் புளியை வைத்துக்கொண்டு, வேலை இருப்பதுபோல உட்கார்ந்தேன். பால்காரர் முதல் முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கால்களை வைத்து நான் நினைத்திருந்ததைவிட அவர் வயது குறைந்தவராக இருந்தார்.

பூ விஷயத்தில் நான் பயந்த மாதிரி பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்துவிட்டேன். கீழ்க்கிளைகள் போய்விட்டது அப்போது நினைவில் இல்லை. எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், மறுபடி முறத்தைப் பார்த்தார். நான் எடுக்கக் கையை உயர்த்தி, எடுக்காமல் விட்டேன். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மா சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் எங்காவது போய்ச் சொல்லியிருக்கலாம். என் காதுக்கு வரவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் வைத்துக்கொள்கிறேன். ஆபீசுக்கு இன்னும் வைத்துக்கொண்டு போகவில்லை.

சித்திரையில் நிழல் முன்பு போலவே இருந்தது. அடியில் காற்றோட்டம் வந்ததால் முன்னறையில் புழுக்கமும் குறைந்தது. தண்டுகளில் ஆங்காங்கே புதுத் துளிர்கள் கிளம்புகின்றன. அவற்றைப் பிஞ்சிலேயே விரலால் கிள்ளிவிட வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிள்ளுகிறேன். கீழே இலை தேங்குவதில்லை. பாம்புச் சட்டை பிறகு பார்க்கவில்லை. தெருவில் விழுகிற இலையை ஒரு நாள் அக்கா, ஒரு நாள் நான் என்று கூட்டுகிறோம். என் முறை வருகிற நாட்களில் பாதிக்கு மேல் அவரே கூட்டிவிடுகிறார்.

அண்ணன் பட்டை உரித்த ஏழாவது மரம் ஆடியில் உச்சியிலிருந்து காய ஆரம்பித்தது. பசுஞ்சாணம் அப்பிப் பார்த்தார். பனமலையிலிருந்து இரண்டு முறை அதற்காகவே வந்தார். பிழைக்கவில்லை. புரட்டாசியில் அதை மட்டும் அடியோடு அறுத்து எடுத்தோம். வேரைத் தோண்டாமல் விட்டுவிட்டோம். வேறு கன்று வைக்கலாமா என்று அண்ணன் கேட்டார். மகள் வேண்டாம் என்றாள். புதிதாக வாங்கிய ஸ்கூட்டியை நிறுத்த அவளுக்கு இடம் வேண்டியிருந்தது. லீவு நாட்களில் அவள் வெளியே கிளம்புகிற சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஒரு சந்து வழியாக வெயில் நேராக வந்து சீட்டின் மேல் விழுகிறது. உட்காருவதற்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு போகிறாள்.